செமினாரில் வகுப்பு போனைப் பார்க்காமல் நம்மைப் பார்க்க என்ன செய்வது?

கேள்வி: திருப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் 20 நிமிடம் செமினார் எடுக்க வேண்டும். தலைப்பு: சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் முறைகள். 38 ஸ்லைடு தயார் செய்துவிட்டேன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். சென்ற வாரம் என் தோழி நன்றாகத்தான் தயார் செய்து வந்தாள். ஆனால் ஐந்தாவது நிமிடத்திலேயே பாதி வகுப்பு போனை எடுத்துவிட்டது. எனக்கும் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் சார்?

பதில்:

அம்மிணி, அந்த 38 ஸ்லைடையும் இன்றைக்கு மூடி வைத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், பிறகு அதிலிருந்து ஏழெட்டை எடுத்துக்கொள்ளலாம். கல்லூரியில் பல ஆண்டுகள் வேதியியல் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: லேப்டாப்பைத் திறந்து முதல் ஸ்லைடில் தலைப்பை அடிக்கிறோமே, பெரும்பாலான செமினார்கள் அந்த நேரத்திலேயே கெட்டுப்போகின்றன. ஸ்லைடு போட ஆரம்பித்துவிட்டால், "இன்னும் என்ன விட்டுப்போயிற்று" என்றுதான் மனம் தேடும். கேட்பவருக்கு என்ன போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியே எழாது. உங்கள் தோழிக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். தயாரிப்பில் குறை இருந்திருக்காது. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் தயாரித்திருப்பார்.

பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் பவணந்தி முனிவரின் ஊர் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், பாடம் சொல்லும் முறை பற்றி ஒரு நூற்பா இருக்கிறது. காலத்தையும் இடத்தையும் பார்த்து, சொல்லப்போகும் பொருளை முதலில் தன் உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, "விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து கொள்வோன் கொள்வகை அறிந்து" அவன் மனம் கொள்ளும்படி சொல்ல வேண்டும் என்கிறார். வகுப்பில் பேசப் போகிற யாருக்கும் நான் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான். அவசரப்படாதே, எரிச்சல்படாதே, விருப்பத்தோடு சொல், கேட்பவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்று தெரிந்துகொண்டு சொல். நான் கீழே எழுதுவதெல்லாம் இந்த வரிக்குள் அடங்கிவிடும்.

சரி, உங்கள் வகுப்பில் யார் இருக்கிறார்கள்? ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரி என்றால் பாதிப் பேர் வீட்டில் யாராவது பனியன் கம்பெனியில் இருப்பார்கள். டெய்லர், செக்கிங், அயர்னிங், நிட்டிங் என்று. சிலருடைய அப்பாவோ மாமாவோ சாயப்பட்டறையில் வேலை பார்ப்பார். காங்கேயம், சென்னிமலைப் பக்கமிருந்து வருகிற விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். நொய்யல் ஆறு கலர் கலராக ஓடியதை இவர்கள் பார்த்திருக்கலாம், இல்லை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆக, "நொய்யல் மாசடைந்துவிட்டது" என்று நீங்கள் சொன்னால் அது அவர்களுக்குப் புதிய செய்தியே இல்லை. முதல் ஐந்து ஸ்லைடு அதைப் பற்றித்தான் என்றால், கை போனுக்குப் போவதில் ஆச்சரியமில்லை.

அவர்களுக்குத் தெரியாதது என்ன? இதைக் கண்டுபிடித்துவிட்டால் செமினார் பாதி முடிந்தது. இந்தத் தலைப்பில் எனக்குத் தெரிந்து ஒரு நல்ல முடிச்சு இருக்கிறது. எல்லோரும் நிறத்தைத்தான் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய சிக்கல், கண்ணுக்கே தெரியாத உப்பு. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயம்) தண்ணீரில் எதிர்மின்னேற்றம் கொண்டது. பருத்தி இழையின் மேற்பரப்பும் அப்படித்தான். இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கலைக் குறைத்துச் சாயத்தை இழைப்பக்கம் தள்ளத்தான் சோடியம் குளோரைடையோ சோடியம் சல்பேட்டையோ கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறம் என்றால் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு போகும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஒட்டிக்கொள்ளும், உப்பு ஒட்டாது. போட்ட உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை எடுக்கப் பல வழிகள் உண்டு. கரைந்த உப்பை நுண்ணுயிரியும் தின்னாது, வடிகட்டியிலும் நிற்காது. அதனால்தான் நுண்சவ்வு வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., அதற்குப் பின் மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கி என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது.

இதை ஒரே வரியில் எழுதுங்கள்: "நிறத்தை எடுப்பது எளிது, உப்பை எடுப்பதுதான் பாடு." இதுதான் உங்கள் செமினார். வகுப்பு முடிந்து கேன்டீனுக்குப் போகும்போது ஒருத்தர் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இந்த வரிக்கு உதவாத ஸ்லைடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போகட்டும். சாயங்களின் வகைப்பாடு, உலகச் சாய உற்பத்தி, பதினான்கு சுத்திகரிப்பு முறைகளின் பட்டியல், எல்லாம்தான். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று "மற்றொன்று விரித்தல்". செமினார்களில் நான் அதிகம் பார்த்த குற்றம் அதுதான்.

அடுத்தது தொடக்கம். "குட் மார்னிங், மை டாபிக் ஈஸ்..." என்று தொடங்கி, பொருளடக்க ஸ்லைடைப் படிக்கும்போதே வகுப்பு உங்களைவிட்டுப் போய்விடும். முதல் இரண்டு நிமிடத்தில் அவர்கள் கண்ணால் ஏதாவது பார்க்க வேண்டும், மனத்துக்குள் ஏதாவது ஊகிக்க வேண்டும். உங்கள் தலைப்புக்கு ஒரு செய்முறை சொல்கிறேன், செலவும் பெரிதாக ஆகாது.

ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் உப்பும் கொஞ்சம் துணிச்சாயமும் கரையுங்கள். அதில் ஒரு டம்ளர் அளவைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியில் கிளர்வூட்டிய கரித்தூளை (ஆக்டிவேட்டட் சார்கோல்) போட்டுக் கலக்கி, நேரம் கொடுத்து, வடிதாளில் வடிகட்டுங்கள். நிறம் போய்விடும். ஒரு முறையில் முழுதாகப் போகாவிட்டால் கரியைக் கூட்டி இன்னொரு முறை. இதை முந்தின நாளே ஆய்வகத்தில் செய்து வைத்துவிடுங்கள்; வகுப்பில் வடிகட்டிக்கொண்டு நிற்க நேரமிருக்காது. வகுப்பில் மேசைமேல் மூன்று கண்ணாடி டம்ளர்: கலர் தண்ணீர், கரியில் வடிகட்டிய தெளிந்த தண்ணீர், குழாய்த் தண்ணீர். கூடவே ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்பவர்கள் சட்டைப்பையில் வைத்திருப்பார்களே, தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் அந்த டிடிஎஸ் மீட்டர். உங்கள் ஆய்வகத்திலும் இருக்கும்.

இப்போது வகுப்பைக் கேளுங்கள்: "இந்த மூன்றில் எதை வயலுக்குப் பாய்ச்சலாம்?" தெளிந்திருக்கும் இரண்டையும் காட்டுவார்கள். "சரி, நடுவிலிருக்கும் டம்ளரில் மீட்டர் எவ்வளவு காட்டும்? கலர் தண்ணீரைவிடக் குறைவா, அதே அளவா?" கையைத் தூக்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்த பிறகு மீட்டரை விடுங்கள். எண் குறைந்திருக்காது. ஐயாயிரத்தை ஒட்டி நிற்கும். கரைந்த திடப்பொருளுக்கான வெளியேற்ற வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று அப்போது சொல்லுங்கள். "நிறம் போயிற்று, உப்பு போகவில்லை" என்று நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை, பின்பெஞ்சிலிருந்து யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் ஆர்.ஓ. விளக்கம் அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாகிவிடும்.

முக்கியம், ஊகிக்கச் சொன்ன பிறகுதான் காட்ட வேண்டும். காட்டிவிட்டு விளக்கினால் வேடிக்கை பார்த்ததோடு முடிந்துவிடும். தான் ஒரு பக்கம் கை தூக்கிவிட்டால், விடை தெரியும்வரை எவரும் போனை எடுப்பதில்லை.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் ஒரு கலை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். உடனே தாங்களே பதில் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் அடுத்தவரைக் கேட்கிறார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாக வருகின்றன, பதிலே சொல்லாதவர்களும் வாய் திறக்கிறார்கள் என்று கண்டார். முன்னால் நிற்பவருக்கு மூன்று விநாடி மௌனம் மிக நீளமாகத் தோன்றும். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். பழகிவிடும்.

இனி ஸ்லைடுக்கு வருவோம். கலிபோர்னியாவில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் படமும் சொல்லும் சேர்ந்து எப்படிக் கற்றலுக்கு உதவுகின்றன என்று நீண்ட காலம் சோதித்தார். அவர் கண்டதில் நமக்கு வேண்டியது ஒன்று: படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் நன்றாகப் பதிகிறது, அதே விளக்கத்தைத் திரையிலும் எழுதிப் போட்டுப் படித்தால் பதிவது குறைகிறது. கண் எழுத்தைப் படிக்கிறது, காது உங்களைக் கேட்கிறது, இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை. உங்கள் ஸ்லைடில் பத்தி பத்தியாக எழுத்து இருந்தால் வகுப்பு உங்களுக்கு முன்னால் படித்து முடித்துவிட்டு, நீங்கள் முடிப்பதற்குக் காத்திருக்கும். அந்த இடைவெளியில்தான் போன் வருகிறது. ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம், மேலே ஒரு முழு வாக்கியம் போதும். "ஆர்.ஓ." என்று தலைப்பு வைப்பதைவிட "ஆர்.ஓ. உப்பை நீக்குவதில்லை, ஒரு பக்கமாகச் சேர்த்து வைக்கிறது" என்று வைத்தால், நீங்கள் சொல்ல வருவது அங்கேயே நின்றுவிடும்.

சுத்திகரிப்பு நிலையத்தின் முழு வரைபடத்தையும் ஒரே ஸ்லைடில் கொட்ட வேண்டாம். அதைக் கரும்பலகையில் வரையுங்கள் என்பேன் நான். நீங்கள் ஒரு கட்டம் வரைந்து, அதைப் பற்றிப் பேசி, அம்புக்குறி போட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும்போது, வகுப்பும் உங்கள் கையின் வேகத்தில் வரும். சேகரிப்புத் தொட்டி, உயிரியல் சுத்திகரிப்பு, வடிகட்டி, ஆர்.ஓ., ஆவியாக்கி. ஐந்தே கட்டம். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு குறி மட்டும்: நிறம் போயிற்றா, உப்பு போயிற்றா. ஆர்.ஓ. வரும்வரை உப்புக்குக் கீழே "இல்லை, இல்லை, இல்லை" என்று வரிசையாக எழுதும்போது உங்கள் ஒரு வரி தானாகவே பலகையில் எழுந்து நிற்கும். பலகை கடைசிவரை அழியாமலும் இருக்கும், ஸ்லைடு ஓடிவிடும்.

சில சின்ன விஷயங்கள். ஸ்லைடைப் பிடிஎஃப்பாகவும் சேமித்துப் பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக் கம்ப்யூட்டரில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். முந்தின நாள் புரொஜெக்டரைப் போட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்து பகலில் தெரியவே தெரியாது. கரண்ட் போனாலும் டம்ளர்களும் சாக்பீஸும் இருப்பதால் உங்கள் செமினார் நிற்காது.

மொழியைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் "தமிழ் வழி" என்று எழுதியதில் அந்தப் பயம் தெரிகிறது. துறையில் கேட்டுப் பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேச அனுமதிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அனுமதித்தால் காரணங்களைத் தமிழில் விளக்குங்கள், கலைச்சொல்லை ஆங்கிலத்தில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றாலும் கலங்க வேண்டாம். முதல் நான்கு வாக்கியத்தையும் கடைசி நான்கு வாக்கியத்தையும் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நடுவில் குட்டி வாக்கியங்களாகப் பேசுங்கள். முழு உரையையும் மனப்பாடம் செய்வது ஆபத்து. ஒரு வார்த்தை தவறினால் மொத்தமும் நின்றுவிடும். ஐந்து கட்டமும் பலகையில் இருப்பதால் அடுத்து என்ன சொல்வது என்று அதைப் பார்த்தாலே தெரியும். இன்னொன்று, இலக்கணம் பிசகியதற்காக வகுப்பு யாரையும் விட்டுப் போனதை நான் பார்த்ததில்லை. தாளைப் பார்த்து ஒரே குரலில் படித்தவர்களைவிட்டுப் போனதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒத்திகை என்றால் ஸ்லைடைப் புரட்டிப் பார்ப்பது கிடையாது. நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்து. ஒரு தரம் போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே குரல் ஓடுகிறது, எங்கே "ஆக்சுவலி" வருகிறது என்று உங்களுக்கே தெரியும். 20 நிமிடம் கொடுத்தால் 14 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். டம்ளர், கை தூக்குதல், இடைக் கேள்வி எல்லாம் மீதி நேரத்தைச் சாப்பிட்டுவிடும். அப்புறம், வீட்டிலோ தெருவிலோ சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் அவருக்கு முதலில் சொல்லிக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத இடம் வகுப்புக்கும் புரியாது. உங்களுக்குத் தெரியாததை அவர் சொல்லவும் செய்வார்: எந்த நிறத்துக்கு எத்தனை மூட்டை உப்பு போகும், எத்தனை தரம் அலசுவார்கள் என்று. அதை வகுப்பில் அவர் பேரைச் சொல்லாமல் சொல்லுங்கள், எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்த எண்ணைவிடவும் நிற்கும்.

தயாரிக்கும்போது சலிப்பு வந்தால் அதே நன்னூல் சொல்லும் ஒரு கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும். கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. மதிப்பெண்ணுக்காக வைத்த செமினார் என்று நினைக்காதீர்கள், இந்தப் பாடத்தில் உங்களுக்கு வர வேண்டிய பெரிய பங்கு இதில்தான் இருக்கிறது.

படபடப்பு எல்லோருக்கும் வரும். "அமைதியாக இரு" என்று மனத்தை அதட்டுவதால் பெரிய பலன் இல்லை. ஹார்வர்டு ஆய்வாளர் ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுமுன் "எனக்கு ஆர்வமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டவர்கள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். நெஞ்சு அடித்துக்கொள்வது பயத்துக்கும் ஆர்வத்துக்கும் ஒன்றுதான். நாம் வைக்கும் பெயர் வேறு. முதல் நிமிடத்தில் தண்ணீர், டம்ளர், மீட்டர் என்று கைக்கு வேலை இருப்பதும் உதவும்.

இந்தத் தலைப்புக்கே உரிய ஒரு எச்சரிக்கை. 1992-இல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், அதற்குக் கீழேயுள்ள கிணறுகள் உப்பானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்கள் வகுப்பில் சில வீடுகளின் கதை. ஒருத்தர் வீட்டில் தென்னை போயிற்று, இன்னொருத்தர் வீட்டில் வேலை போயிற்று. இருவரும் ஒரே பெஞ்சில் இருக்கலாம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், என்ன நடந்தது, ஏன் நடந்தது, கழிவை வெளியே விடாத முறைக்கு எப்படி மாறினார்கள் என்று தேதியும் வேதியியலும் கொண்டு சொல்லுங்கள். முகமலர்ந்து சொல்வது என்பதில் இதுவும் சேரும்.

கடைசிப் பகுதி கேள்வி நேரம். முன்பே ஏழெட்டுக் கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் வரக்கூடியது: "ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் உப்பை என்ன செய்வார்கள்?" நல்ல கேள்வி அது. சோடியம் சல்பேட்டைப் பிரித்தெடுத்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். பிரிக்க முடியாத கலவை உப்பு மூட்டையில் தேங்குவது இன்றும் தீராத பிரச்சினை என்று சொல்லலாம். தெரியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை, பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லி, மறுநாள் கட்டாயம் சொல்லுங்கள். கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குங்கள்; பின்பெஞ்சுக்கு முன்பெஞ்சின் கேள்வி காதில் விழுவதே இல்லை.

"சென்று தேய்ந்து இறுதல்" என்று நன்னூல் இன்னொரு குற்றம் சொல்கிறது. "அவ்வளவுதான்... தேங்க்யூ... எனி கொஸ்டின்ஸ்?" என்று குரல் இறங்கிக்கொண்டே போய் உட்காருவது அதுதான். கேள்விகள் முடிந்தபின் ஒரு நிமிடத்தைக் கையில் வைத்திருங்கள். எல்லோரையும் ஒரு துண்டுத் தாளில், பலகையைப் பார்க்காமல், எந்தக் கட்டத்தில் உப்பு போகிறது, ஏன் என்று இரண்டு வரி எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் தாளை வாங்குவதற்கு முன் அதைப் படித்துப் பாருங்கள். நேரம் போதவில்லையென்றால் ஸ்லைடு இரண்டை விட்டுவிடுங்கள், இந்தத் தாளை விடாதீர்கள்.